கைப்பின்னல் குழந்தை உடுப்பு விற்று நற்பணிக்கு நிதி திரட்ட: டெல்டா ஊர்களுக்கான முழு வழிகாட்டி

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை பக்கம் கைப்பின்னல் உடுப்பு விற்கக் கிளம்பும் குழுக்கள் பெரும்பாலும் முதல் பொருளிலேயே சறுக்குகின்றன. கையில் கிடைக்கும் மாதிரிகள் குளிர்நாட்டுக்காக எழுதப்பட்டவை: முழுக்கை, கழுத்துவரை பொத்தான், கனத்த உல்லன். டெல்டாவில் அந்த ஸ்வெட்டரைக் குழந்தைக்குப் போடும்படியான நாள் மார்கழியிலும் தை முதல் பாதியிலும்தான் வரும், அதுவும் விடியற்காலையில். "நல்ல காரியத்துக்கு" என்று சொன்னால் தெரிந்தவர்கள் ஒன்று வாங்கிக்கொள்வார்கள். அடுத்த தடவை அவர்களே தேடி வர வேண்டுமானால் முதலில் வாங்கியதைக் குழந்தை போட்டிருக்க வேண்டும். அதனால் நூல் வாங்குமுன் வாங்குபவரைப் பற்றிக் கொஞ்சம் யோசித்துவிடுங்கள்.

யார் வாங்குகிறார்கள், எப்போது

நம் வீடுகளில் குழந்தை பிறக்குமுன் அதற்குத் துணிமணி வாங்கி வைக்கும் வழக்கம் குறைவு. வளைகாப்புக்கு வருபவர்களும் தாய்க்குத்தான் கொண்டுவருவார்கள். பிறந்த பிறகும் முதல் நாட்களில் நைந்த பழைய வேட்டித் துணிதான். புண்ணியாகவாசனம், காப்பு, தொட்டில் என்று அவரவர் வழக்கப்படி பதினோராம் நாளிலோ பதினாறிலோ முப்பதிலோ புதுத்துணி ஆரம்பிக்கும். குழந்தை பார்க்க வரும் உறவும் அலுவலகத் தோழிகளும் பெரும்பாலும் அதற்குப் பிறகே வருகிறார்கள். ஆகவே பிறந்த குழந்தை அளவில் பின்னியது விற்காமல் தங்கும், விற்றாலும் இரண்டு வாரத்தில் சிறுத்துவிடும். பத்து உருப்படி பின்னினால் ஆறு 3–6 மாத அளவு, மூன்று 6–12 மாத அளவு, ஒன்று மட்டும் 0–3 மாத அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பொருட்களில் முதலிடம் குல்லாவுக்கு. தலைக்குத் தண்ணீர் ஊற்றி சாம்பிராணி காட்டியதும் காதை மூடாமல் எந்தப் பாட்டியும் விடமாட்டார். பனிக்காலத்தில் வாசலுக்குத் தூக்கிப்போனாலும், ஏசி பஸ்ஸில் சென்னைக்குப் போனாலும் குல்லா வேண்டும். அடுத்தது காலுறை. மூன்றாவது கையில்லாத மேல்சட்டை. முழுக்கை ஸ்வெட்டரை ஆர்டர் வந்தால் மட்டும் பின்னுங்கள். பெங்களூருக்கும் வெளிநாட்டுக்கும் திரும்பும் குடும்பங்கள் கேட்பார்கள், நல்ல விலையும் தருவார்கள்.

ஆடியில் பின்ன ஆரம்பித்தால் நவராத்திரிக்குச் சரக்கு தயாராக இருக்கும். புரட்டாசி முதல் தைப் பொங்கல் வரை விற்பனைக் காலம். மாசி பிறந்தால் மேல்சட்டையை எடுத்து வைத்துவிடலாம்.

நூல்

பருத்திதான். அக்ரிலிக் மலிவு, வண்ணமும் கண்ணைப் பறிக்கும், ஆனால் வியர்வையை உறிஞ்சாது. புழுக்கமான மதியத்தில் அந்தக் குல்லாவைப் போட்ட குழந்தைக்கு நெற்றியோரம் வேர்க்குரு கிளம்பும், தாய் அதை மறுபடி தொடமாட்டாள். 'மில்க் காட்டன்' என்று விற்பது பெரும்பாலும் பருத்தியும் அக்ரிலிக்கும் கலந்தது. மென்மையாக இருக்கும், காலுறைக்குப் பரவாயில்லை. லேபிள் இல்லாத உருண்டையில் சந்தேகம் வந்தால் ஒரு விரல்நீளம் கத்தரித்து இடுக்கியில் பிடித்துக் கொளுத்துங்கள். பருத்தி காகிதம்போல எரிந்து பொடிச் சாம்பலாகும். அக்ரிலிக் உருகிச் சுருண்டு, ஆறியதும் கடினமான கறுப்பு மணியாக நிற்கும். கலப்பு நூல் எரியவும் செய்யும், நுனியில் முடிச்சும் விடும்.

தடிமன் 4 ப்ளை அல்லது அதைவிடச் சற்றே பருத்தது. 3–6 மாதக் குல்லாவுக்கு 30 முதல் 35 கிராம், ஒரு ஜோடிக் காலுறைக்கு 20 கிராம், கையில்லாத மேல்சட்டைக்கு 80 முதல் 90 கிராம் பிடிக்கும். லேபிளில் ஒரே சாயத்தொகுதி எண் (ஒரே தடவையில் சாயம் ஏற்றியதைக் காட்டும் எண்) உள்ள உருண்டைகளாக வாங்குங்கள். எண் மாறினால் அதே நிறமும் பகல் வெளிச்சத்தில் பட்டை பட்டையாகத் தெரியும்.

நிறத்தில் இளமஞ்சள், வெளிர்பச்சை, பாதாம் நிறம் எப்போதும் நகரும். முதல் பரிசாகக் கறுப்பை யாரும் வாங்குவதில்லை. அடர்சிவப்பும் கருநீலமும் சாயம் விடக்கூடியவை. நனைத்த வெள்ளைத் துணியில் நூலை அழுத்தித் தேய்த்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

மாதிரிச் சதுரம்

குழுவில் ஆறு பேர் பின்னினால் ஆறு பேருடைய கையும் ஆறு விதமாக இழுக்கும். ஒருவர் குல்லா பூசணிக்குப் போடலாம், இன்னொருவருடையது தேங்காய்க்குக்கூடச் சேராது. அதனால் ஒவ்வொருவரும் 3.5 மி.மீ. ஊசியில் 30 கண்ணி (நூல் வளையம்) ஏற்றி, ஒரு வரிசை நிட் (நேர்ப்பின்னல்), ஒரு வரிசை பர்ல் (எதிர்ப்பின்னல்) என்று 12 செ.மீ. உயரம் பின்னித் துவைத்து உலர்த்தி, நடுவில் 10 செ.மீ. அகலத்துக்கு எத்தனை கண்ணி என்று எண்ண வேண்டும். 24 வர வேண்டும். 26 வந்தால் கை இறுக்கம், 3.75 ஊசிக்கு மாறுங்கள். 22 வந்தால் 3.25. துவைக்காமல் அளந்தால் கணக்குத் தப்பும், முதல் துவைப்பிலேயே பருத்தி சற்றுச் சுருங்கும்.

உடல் அளவுகள்

தலைச்சுற்று: பிறந்தபோது 33–35 செ.மீ., மூன்று மாதத்தில் 40 அளவில், ஆறு மாதத்தில் 43, ஒரு வயதில் 46. குல்லா தலையைவிடச் சுமார் பத்தில் ஒரு பங்கு சிறிதாக இருந்தால்தான் நிற்கும். மார்புச்சுற்று 3–6 மாதத்தில் 41–43. மேல்சட்டை அதைவிட 5 செ.மீ. தாராளமாக வேண்டும், நீளம் 24 செ.மீ. போதும். பாதம் 3–6 மாதத்தில் 10 செ.மீ. அளவு, ஒரு வயதில் 11.5 முதல் 12.

3–6 மாதக் குல்லா

இரண்டு ஊசியில் தட்டையாகப் பின்னி, பின்பக்கம் தைப்பது. குழுவில் எல்லோருக்கும் வட்ட ஊசி பழகியிருக்காது என்பதால் இதுவே வசதி.

1. 3 மி.மீ. ஊசியில் தளர்வாக 90 கண்ணி ஏற்றுங்கள். ஏற்றும்போது மட்டும் இரண்டு ஊசியைச் சேர்த்துப் பிடித்தால் விளிம்பு இறுகாது. இறுகிய விளிம்பு நெற்றியில் சிவப்புக் கோடு போடும்.

2. ரிப் (இழுத்தால் விரியும் வரிப்பின்னல்): முதல் வரிசை 2 நிட், 2 பர்ல் என்று மாறிமாறி, கடைசியில் 2 நிட். திரும்பும் வரிசை 2 பர்ல், 2 நிட் என்று தொடங்கி 2 பர்லில் முடியும். இப்படி 8 வரிசை. பருத்திக்கு உல்லன்போலச் சுருங்கி விரியும் குணம் இல்லாததால்தான் இங்கே சிறிய ஊசி.

3. 3.5 ஊசிக்கு மாறி, ஒரு வரிசை நிட், ஒரு வரிசை பர்ல் என்று 24 வரிசை. தொடக்கத்திலிருந்து சுமார் 10 செ.மீ. உயரம் வந்திருக்கும்.

4. குறைத்தல்: முதலில் 1 நிட். பிறகு '9 நிட், 2 கண்ணி சேர்த்து ஒன்று' என்பதை 8 முறை, கடைசியில் 1 நிட். 82 கண்ணி மிஞ்சும். அடுத்த வரிசை முழுக்கப் பர்ல்.

5. அடுத்த நிட் வரிசையில் 9-க்குப் பதில் 8, அதற்கடுத்ததில் 7 என்று ஒவ்வொரு நிட் வரிசையிலும் ஒன்று குறைத்துக்கொண்டே வாருங்கள். 74, 66, 58, 50, 42, 34, 26, 18 என்று இறங்கும். எண்ணிக்கை இதில் இல்லையென்றால் மேலே போகாதீர்கள், அந்த வரிசையைப் பிரித்துவிடுங்கள். உச்சியில் விடுபட்ட ஒரு குறைப்பு கண்ணுக்குத் தெரியாது, குல்லா மட்டும் ஒருபக்கம் சாய்ந்து நிற்கும்.

6. 18 கண்ணி ஆனதும் ஒரு பர்ல் வரிசை. பிறகு 1 நிட், இரண்டிரண்டாகச் சேர்த்து 8 முறை, 1 நிட். 10 கண்ணி. நூலை 40 செ.மீ. விட்டு வெட்டி, மொட்டை ஊசியில் கோத்து, எல்லாக் கண்ணியிலும் இரண்டு சுற்று ஓட்டி இழுங்கள்.

7. அதே நூலால் நேர்ப்பக்கத்தைப் பார்த்தபடி, ஓரத்தில் ஒரு கண்ணி உள்ளே விட்டுத் தையுங்கள். இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு நிட் தையலுக்குள் போய்விடுவதால், ரிப் 2 நிட், 2 பர்ல் என்று இடைவெளியில்லாமல் சேரும். தையல் தடித்தால் மல்லாந்து படுக்கும் குழந்தைக்குப் பின்தலையில் உறுத்தும்.

8. முடிச்சு போட வேண்டாம். நூல்முனையை 5 செ.மீ. ஒரு திசையிலும் 3 செ.மீ. எதிர்த்திசையிலும் செருகுங்கள். ஒரே திசையில் செருகிய பருத்தி வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிடும்.

உயரம் 16 செ.மீ. பக்கம் வரும், காது மூடும். 6–12 மாத அளவுக்கு 98 கண்ணி ஏற்றி, நேர்ப்பகுதியில் 4 வரிசை கூட்டி, முதல் குறைப்பை 10 நிட்டில் தொடங்கினால் போதும்.

காலுறையும் மேல்சட்டையும்

காலுறையில் வரும் புகார் ஒன்றே ஒன்று: கழன்றுவிடுகிறது. கணுக்காலுக்கு மேல் ரிப் 5 செ.மீ.க்குக் குறையக் கூடாது. ரிப்பன் கோத்துக் கட்டுவதைவிட இது மேல். பாதத்தை 10 செ.மீ. கச்சிதமாக வைத்து, அடிப்பகுதியை நிட் மட்டுமே பின்னினால் விரிந்து கொடுக்கும்.

மேல்சட்டையில் கழுத்துதான் வம்பு. குழந்தைக்கு மார்பைப்போலவே தலையும் பெரிது. கழுத்துத் திறப்பு இழுத்தால் 44 செ.மீ. விரியாவிட்டால் போடும்போதே அழுகை. முன்திறப்பாகவோ தோளில் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் மடிப்பாகவோ வையுங்கள். கழுத்தில் கண்ணி முடிக்கும்போது இரண்டு அளவு பெரிய ஊசியைப் பயன்படுத்துங்கள்.

ஆபத்து இல்லாமல்

குல்லாவுக்குத் தாடையில் கட்டும் கயிறு வைக்கச் சொல்லி வாடிக்கையாளர்களே கேட்பார்கள். வைக்காதீர்கள். கழுத்தருகே கயிறு இருந்தால் தூக்கத்தில் சுற்றி இறுகும் அபாயம் உண்டு. குல்லா நழுவுவதற்குக் காரணம் கயிறு இல்லாதது அல்ல, அளவு பெரிதானது. அளவைச் சரிசெய்து கொடுங்கள்.

மணி, முத்து, குஞ்சம், பசையால் ஒட்டிய பூ எதுவும் வேண்டாம். பொத்தான் தவிர்க்க முடியாவிட்டால் பின்பக்கம் சிறு பருத்தித் துணி வைத்து, தையல் நூலால் (பின்னல் நூலால் அல்ல) ஆறு முறை ஓட்டித் தைத்து, கட்டைவிரலால் பலங்கொண்ட மட்டும் இழுத்துப் பாருங்கள். பிரஸ் பட்டன் பின்னலைக் கிழித்துக்கொண்டு பிடுங்கி வரும்.

காலுறை, கையுறையின் உட்புறம்தான் அதிகம் கவனிக்கப்படாத இடம். உள்ளே தொங்கும் ஒரு தளர்ந்த நூல் குழந்தையின் விரலில் சுற்றிக்கொண்டால் ரத்த ஓட்டம் நின்று விரல் வீங்கும், குழந்தை ஏன் அழுகிறது என்று யாருக்கும் புரியாது. ஒவ்வொன்றையும் உள்வெளியாகத் திருப்பி விரல்விட்டுத் தடவுங்கள். ஓட்டை ஓட்டையான லேஸ் டிசைனை இந்த இரண்டிலும் போடவே கூடாது. கடைசியாக ஒரு காந்தத்தை உருப்படி முழுவதும் ஓட்டினால் மறந்துபோன குண்டூசி சிக்கும்.

கூடவே ஒரு சீட்டு வையுங்கள்: "வீட்டுக்குள் தூங்கும்போது குல்லாவைக் கழற்றிவிடவும்." குழந்தையின் உடல் வெப்பம் தலை வழியாகத்தான் நிறைய வெளியேறுகிறது, புழுக்கத்தில் அதை மூடிவைத்தால் உடம்பு சூடேறும்.

கறை, துவைப்பு, சேமிப்பு

வெள்ளை நூலை எடுக்குமுன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். தலைக்குத் தேய்த்த தேங்காய் எண்ணெய் விரலில் இருந்தால் அன்று தெரியாது, பெட்டியில் ஒரு மாதம் இருந்தபின் பழுப்பாகத் தெரியும். மஞ்சள் பட்டுவிட்டால் சோப்புப் போட்டதும் சிவக்கும், பதற வேண்டாம். அலசி இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் காயவிட்டால் வெளிறிப் போய்விடும்.

விற்குமுன் எல்லாவற்றையும் மிதமான சோப்பில் கையால் துவையுங்கள், வாசனைத் திரவம் சேர்க்காதீர்கள். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் நிலத்தடி நீர் உப்பாக இருக்கும் இடங்களில் கடைசி அலசலுக்கு நல்ல தண்ணீர் வைத்துக்கொள்ளாவிட்டால் நூல் விறைக்கும். பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்தி, பாயில் தட்டையாகப் பரப்பி உலர்த்துங்கள். கொடியில் தொங்கவிட்ட மேல்சட்டை தண்ணீர்ப் பாரத்தில் இழுபட்டு நீண்டுவிடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் உள்நூல் காய இரண்டு நாளாவது ஆகும். கைக்கு உலர்ந்ததுபோல் இருக்கும்போதே பையில் போட்டால் பூஞ்சை வாடை வரும், அது ஒரு துவைப்பில் போகாது.

பாச்சை உருண்டை மட்டும் எந்தக் காரணத்துக்கும் வேண்டாம். அதில் உள்ள நாப்தலீன் துணியில் ஏறும். ஜி-6-பி-டி என்னும் என்சைம் குறைபாடுள்ள குழந்தைக்கு அது ரத்தச் சிவப்பணுக்களை உடைத்து, கடும் மஞ்சள் காமாலையில் கொண்டுபோய் விடும். குறைபாடு இருப்பது பெரும்பாலான பெற்றோருக்கு முன்கூட்டித் தெரிந்திருக்காது. நன்றாக உலர்ந்ததை மூடி இறுக்கமான டப்பாவில் வைத்தாலே பருத்தியை நாடும் வெள்ளிப்பூச்சி அண்டாது.

விலை

உதாரணமாக 100 கிராம் நூல் 150 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். குல்லாவுக்கு 35 கிராம், 53 ரூபாய். உறை, சீட்டு 12. மேசை வாடகை, போக்குவரத்துப் பங்கு 20. ஆக 85. விலை 280 என்றால் மிச்சம் 195. பின்னியவர்கள் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், இல்லத்தரசிகள் என்று கூலி வேண்டாதவர்களானால் அது முழுவதும் நற்பணிக்கு. கூலிக்குப் பின்னும் பெண்களானால் உருப்படிக்கு 100 கொடுத்து, 95 நற்பணிக்கு. வருமானம் தேவைப்படும் பெண்ணிடம் "தர்மத்துக்குத்தானே" என்று இலவச உழைப்பு வாங்குவது சரியல்ல. அது நடக்கவும் நடக்காது, இரண்டாம் மாதம் ஊசியைக் கீழே வைத்துவிடுவார்கள்.

தர்மக் காரியம் என்பதால் 120 ரூபாய்க்குத் தள்ளிவிடும் பழக்கமும் உண்டு. செலவு போக 35 ரூபாய் நிற்கும், அதே வேலை செய்து பிழைக்கும் பக்கத்துத் தெருப் பெண்ணின் விலையும் உடையும். மேல்சட்டையில் நூலே 130 ரூபாய்க்கு வரும், நேரமும் மூன்று மடங்கு. 600 சொன்னால் ரெடிமேட் கடையோடு ஒப்பிடுவார்கள். அதனால் குல்லாவும் காலுறையும் சேர்ந்த ஜோடியாக 450-க்கு வைப்பதே முதல் ஆண்டுக்கு உகந்தது.

சீட்டில் "லாபம் முழுவதும் ஏழைகளுக்கு" என்று எழுதாதீர்கள். "இதன் விலையில் 95 ரூபாய் இன்ன இல்லத்துக்கு" என்று தொகையும் பெயரும் போடுங்கள். பெயர் போட அந்த இல்லத்தின் எழுத்துபூர்வ அனுமதி வாங்கியிருக்க வேண்டும்.

கணக்கும் வரியும்

ஒரே நோட்டில் தேதி, உருப்படி எண், பின்னியவர், விலை, பணமா யூபிஐயா, நற்பணிப் பங்கு என ஆறு பத்தி. யூபிஐ தனி ஒருவர் பெயரில் இருந்தால் வீட்டுச் செலவோடு கலந்து, மாதக் கடைசியில் குழுவுக்குள் மனக்கசப்பு வரும். சுயஉதவிக் குழு என்றால் குழுக் கணக்கிலேயே வாங்குங்கள். இல்லையென்றால் இரண்டு பேர் கையெழுத்திடும் தனிக் கணக்கு திறங்கள். நிதியை மாதாமாதம் காசோலையாகவோ வங்கி வழியாகவோ கொடுத்து ரசீது வாங்கி, அதன் நகலை அடுத்த விற்பனை மேசையில் வையுங்கள்.

வாங்குபவர் நன்கொடைக்கு வருமான வரிச்சலுகை தரும் 80ஜி ரசீது கேட்பார். விலை கொடுத்துப் பொருள் வாங்குவது நன்கொடை ஆகாது, வரிவிலக்கு கிடையாது. பொருள் எதுவும் பெறாமல் தனியே கொடுக்க விரும்பினால் 80ஜி பதிவுள்ள நிறுவனத்துக்கு நேரடியாகக் கொடுக்கச் சொல்லுங்கள். ஆண்டு விற்றுமுதல் 40 லட்சத்தைத் தாண்டாதவரை, தமிழ்நாட்டுக்குள் பொருள் மட்டும் விற்பவருக்கு ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. ஆன்லைன் விற்பனைத் தளங்களுக்கு விதிமுறை வேறு, சேருமுன் கணக்கரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பதிவு பெற்றவர்களானால் பின்னல் குழந்தை உடுப்பு 6111 என்ற ஹெச்எஸ்என் (பொருள் வகை) எண்ணில் வரும். 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரையிலான உடுப்புக்கு வரி 5 சதவீதம்.

எங்கே வைப்பது

நவராத்திரிக் கொலு காலம் முதல் வாய்ப்பு. பெண்கள் வீடு வீடாகப் போகும் ஒன்பது நாள், தாம்பூலத்தோடு செய்தியும் நகரும். நான்கைந்து வீடுகளில் கொலுவுக்குப் பக்கத்தில் சிறு மேசை போட அனுமதி கேளுங்கள். தரங்கம்பாடி, தஞ்சாவூர் பக்கத்துத் திருச்சபைகளின் அறுப்பின் பண்டிகை இன்னொன்று. அங்கே காணிக்கைப் பொருள் ஏலத்துக்குப் போகும் என்பதால் ஒரு நல்ல ஜோடியைக் கொடுத்தால் விலையும் ஏறும், பெயரும் பரவும். சுயஉதவிக் குழுக்கள் மகளிர் திட்ட அலுவலகத்தில், குழுக்களின் பொருட்களை விற்கும் மதி அங்காடியில் வைக்கக் கேட்கலாம்.

குழந்தை மருத்துவர்கள் இருக்கும் தெருவில் உள்ள மெடிக்கல் ஷாப் எல்லாவற்றையும்விட நிதானமாக, ஆண்டு முழுக்க விற்றுத் தரும். கமிஷனை முன்பே பேசி எழுதிக்கொள்ளுங்கள். 280-க்கு 20 சதவீதம் என்றால் 56 ரூபாய், அது நற்பணிப் பங்கிலிருந்துதான் போகும், சீட்டில் போட்ட தொகையும் அதற்கேற்ப மாற வேண்டும். ஒரு கடையில் பத்துக்கு மேல் வைக்காதீர்கள், பதினைந்து நாளுக்கு ஒருமுறை போய் எண்ணுங்கள். கண்ணாடி அலமாரியில் வெயில் படும் பக்கம் வைத்தால் முன்வரிசை வெளுத்துவிடும்.

வாட்ஸ்அப்பில் படம் அனுப்பும்போது அருகில் ஒரு அளவுகோலை வைத்து எடுங்கள். பெற்றோர் சம்மதம் இல்லாமல் எந்தக் குழந்தையின் படமும் வேண்டாம்.

மருத்துவமனைக்குக் கொடுப்பதானால்

விற்காமல் நேரடியாகக் கொடுக்க நினைப்பவர்கள் தஞ்சாவூர் ராசா மிராசுதார் மருத்துவமனை போன்ற பெரிய மகப்பேறு மருத்துவமனைகளில் முதலில் பச்சிளங்குழந்தைப் பிரிவின் செவிலியர் பொறுப்பாளரைப் பாருங்கள். எடை குறைந்து பிறந்த குழந்தையைத் தாயின் மார்போடு அணைத்து வைக்கும் கங்காரு பராமரிப்பில் குழந்தைக்கு வேண்டியது குல்லாவும் காலுறையும் நாப்கினும்தான். அளவு சிறிது: தலை 28 முதல் 33 செ.மீ. மேலே சொன்ன முறையிலேயே 66 கண்ணி ஏற்றி, நேர்ப்பகுதி 14 வரிசை, முதல் குறைப்பு 6 நிட்டில் தொடங்குங்கள். கொதிநீரில் அலசத் தாங்கும் தூய பருத்தி, வெளிர்நிறம், அலங்காரம் துளியும் இல்லாமல். எத்தனை வேண்டும் என்று கேட்டுவிட்டுப் பின்னுங்கள். கேட்காமல் கொண்டுபோன மூட்டை அலமாரி மேல் தூசி பிடிக்கும்.

பொங்கலுக்குப் பிறகு மீந்தவை

காலுறை கெடாது, டப்பாவில் இருக்கட்டும். 0–3 மாதக் குல்லா மீந்தால் மருத்துவமனைக்கு. வெயில்பட்டு வெளுத்ததைத் தள்ளுபடியில் விற்காமல் பிரித்து, நூலைச் சிட்டமாகச் சுற்றி நனைத்து, கனம் கட்டித் தொங்கவிட்டால் சுருள் நிமிர்ந்துவிடும். அடுத்த ஆடியில் புதிதாகச் சேருபவர்களுக்கு மாதிரிச் சதுரம் பின்னக் கொடுக்கலாம்.